இன்றே கடைசி, நாளையும்

அழ வேண்டிய விளம்பரம் என்றால் உட்கார்ந்துகொண்டு குரல் கொடுப்பார். மிரட்ட வேண்டியது என்றால் எழுந்து நிற்பார். பாசத்துக்குச் சுவர் வேண்டும். தோளைச் சாய்த்து, கண்ணைப் பாதி மூடி, "தாய்மார்களே" என்று தொடங்குவார். அன்று காலை ஒரு மெத்தைக் கடைக்காக நின்றுகொண்டிருந்தார். "முதுகு வலியை அலட்சியம் செய்யாதீர்கள். இன்று முதுகு. நாளை?" என்று மைக்கைக் கேட்டார். பதில் சொல்லாமல் பதிவை நிறுத்தினார். ஃபிளாஸ்கைத் திறந்து ஒரு மடக்கு வெந்நீர் குடித்தார்.

"நாளை என்ன?" என்று கேட்டேன்.

"அது எனக்கெதுக்கு சார்? அவங்கவங்க வீட்ல என்ன பயமோ அதைப் போட்டுக்குவாங்க. நான் ஒண்ணைச் சொன்னா அந்த ஒண்ணுதான். சொல்லாம விட்டா ஊருக்கே பத்தும்."

நகல் எடுக்கும் கடைக்கு மேலே, படி என்றும் சொல்ல முடியாத ஏணி என்றும் சொல்ல முடியாத ஒன்றின் வழியாக ஏறினால் அவருடைய அறை. சுவர் முழுக்க, எதிரொலி வராமல் இருக்க, முட்டை அட்டைகள். கதவுக்குப் பின்னால் ஒரு பழைய கம்பளி. ஒரு கணினி, ஒரு மைக், ஒரு முக்காலி. மின்விசிறி இருக்கிறது, ஆனால் அதன் கடகடப்பு பதிவில் விழுந்துவிடும் என்பதால் பேசும்போது ஓடாது. கடைவீதியில் கேட்கிறவர்கள் அந்தக் குரலில் இருக்கும் தவிப்பைக் கேட்டு உருகுகிறார்கள். மேலே போய்ப் பார்த்தால் அது புழுக்கம்.

கடைவீதியில் ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி உண்டு. எல்லாவற்றிலும் இவர்தான், எல்லாவற்றின் முடிவிலும் 'இன்றே கடைசி'தான். பாத்திரக் கடையில் கெஞ்சுவார், போர்வைக் கடையில் எச்சரிப்பார், மிக்சிக் கடையில் கண் கலங்குவார், கண்ணாடிக் கடையில் "உங்கள் பார்வை உங்கள் கையில்" என்று வீர வசனம் பேசுவார். அவரே அந்த வழியாக டீ குடிக்கப் போகும்போது இரண்டு பக்கமும் அவருடைய குரலே அவரைக் கையைப் பிடித்து இழுக்கும். அவர் எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் நடுவில் நடந்து போவார்.

கடைவீதியில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "கடைசிநாள்" என்பார்கள். வயதில் சிறியவர்கள் "கடைசிநாளண்ணே". அவரும் போனை எடுத்தால் "கடைசிநாள் பேசறேன்" என்பார். புதிதாகக் கூப்பிட்ட ஒரு வாடிக்கையாளர் அதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் போனை வைத்துவிட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

தொழிலில் அவருக்குச் சில கண்டிப்புகள் உண்டு. 'குறைந்த விலை' என்ற சொல் அவர் அறைக்குள் நுழைய முடியாது. "குறைஞ்ச விலைன்னு சொன்னா பொருள் மட்டம்னு நினைப்பாங்க சார். 'நஷ்டத்துக்குக் கொடுக்கறோம்'னு சொன்னா மொதலாளி மட்டம்னு நினைப்பாங்க. இன்னொருத்தன் ஏமாந்து நிக்கறான்னா பாக்கறதுக்கு நமக்கு ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துலதான் கூட்டம் வருது."

'நிபுணர்கள் பரிந்துரைக்கும்' என்று அடிக்கடி வரும்.

"யாரு அந்த நிபுணர்?"

"நான்தான்."

"நிபுணர்கள்னு பன்மையில இருக்கே?"

"மரியாதைப் பன்மை சார்."

'வெளிநாட்டுத் தொழில்நுட்பம்' என்பதும் அப்படித்தான். எந்த நாடு என்று கேட்டால் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல், "வேற நாட்டுக்காரனுக்கு நம்ம நாடு வெளிநாடுதானே" என்பார். இப்படிப்பட்டவரை வெறுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான், இவரைப் பற்றி எழுத முதலில் அந்த ஏணிப்படியில் ஏறினேன். வெந்நீரில் பாதி எனக்கும் ஊற்றிக் கொடுத்தார். அதற்கு மேல் வெறுக்க வசதிப்படவில்லை.

தேர்தல் காலம் அவருக்கு அறுவடை. காலையில் ஒரு வேட்பாளர், மாலையில் எதிர்வேட்பாளர். காலையில் துரோகி என்று சொல்லப்பட்டவர் மாலையில் தியாகி. இரண்டு பேருக்கும் ஒரே கண்ணீரைத்தான் கொடுக்கிறார் என்று தெரிந்ததும் கொஞ்சம் அதிர்ச்சியாக இருந்தது. "நான் அழுது வச்சிருக்கேன் சார், நல்ல அழுகை. பேரை மட்டும் வெட்டி ஒட்டுவேன். அவங்களுக்கும் தெரியும். 'அவனுக்குப் போட்ட அதே அழுகையப் போடு'ன்னு கேட்டே வாங்கிட்டுப் போவாங்க."

ஊரையே வாங்க வைக்கிற இந்த மனிதர் தன்னளவில் ஒரு ஏமாளி. எந்தத் தெருமுனையில் எவன் நின்று எதைக் கூவினாலும் நின்றுவிடுவார். வாயைப் பிளந்து முழுவதையும் கேட்பார். கேட்டுவிட்டு வாங்கிவிடுவார். அவர் வீட்டில் காய் நறுக்கும் கருவிகள் ஒரு சின்னக் கடை வைக்கும் அளவுக்கு இருக்கின்றன. எதுவும் நறுக்காது. "நல்லாச் சொன்னான் சார் பாவம். கடைசியில ஒரு மூச்சு விட்டான் பாருங்க, அந்த மூச்சுக்கே கொடுக்கலாம்." நல்ல நாதஸ்வரம் கேட்டவர் தலையாட்டுவதுபோல ஆட்டுவார்.

மனைவிக்கு அரசு மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் ஜன்னலில் வேலை. "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்டப்புறம்" என்று நாளெல்லாம் சொல்லிவிட்டு வருபவர். அவருடைய பேச்சில் அடைமொழி என்று ஒன்று கிடையாது. வீட்டில் நம்மவர் எப்போதாவது, "நாளெல்லாம் உழைத்துக் களைத்த ஒரு மனிதனுக்கு..." என்று ஆரம்பித்தால் அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

"என்ன வேணும்?"

"டீ."

"அதைச் சொல்லுங்க."

இப்படியாகச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் போன மாதம் ஒரு சிக்கல் படியேறி வந்தது. செருப்புக் கடை அக்கா.

கடைவீதியில் 'இன்றே கடைசி'யைத் தொடங்கி வைத்ததே அந்தக் கடைதான். பல வருடங்களுக்கு முன் அக்காவின் கணவர் வந்து, மழைக்காலச் சரக்கு தேங்கிவிட்டது, ஒரு நாளைக்கு மட்டும் ஏதாவது பேசிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். நம்மவர் முக்காலியில் உட்கார்ந்து, "கனத்த இதயத்தோடு கடையை மூடுகிறோம். இன்றே கடைசி" என்று கொடுத்தார். கூட்டம் அள்ளிவிட்டது. மறுநாள் காலை அவர் வந்து, "இன்னும் ஒரு நாள் ஓடட்டுமே" என்றார். அந்த ஒரு நாளுக்குள் அவர்களுடைய மகள் பள்ளிக்கூடம் முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகி வேறு ஊருக்கும் போய்விட்டாள். நடுவில் அவரும் காலமானார். பெட்டியில் மட்டும் கனத்த இதயத்தோடு இன்றே கடைசி.

ஒவ்வொரு வருடமும் பள்ளிக்கூடம் திறக்கும்போது ஊர் தன் பிள்ளைகளுக்கு அந்தக் கடைசி நாளில்தான் ஷூ வாங்கியது. யாரும் கோபித்துக்கொண்டதில்லை. அது ஒரு கடையின் பெயர்போல ஆகிவிட்டது.

அக்கா மேலே ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். முக்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"தம்பி, இந்த மாசத்தோட மூடறேன்."

"சரிக்கா. அதுதானே ஓடிட்டிருக்கு."

"ஓடறது வேற. நான் மூடறேன்."

கட்டடத்தை அதன் சொந்தக்காரர்கள் விற்றுவிட்டார்கள். இடிக்கப் போகிறார்கள். மாதக் கடைசியில் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். மகள் குழந்தை பெற்றிருக்கிறாள், அங்கே போய்விடலாம் என்று அக்காவும் முடிவு செய்துவிட்டார். ஆனால் கடையிலும் பரணிலும் சரக்கு நிறைந்து கிடக்கிறது. விற்காமல் மிஞ்சினால் மொத்தமாக எடுக்கிறவன் வருவான். சாக்கில் கொட்டி எடை போட்டு எடுத்துப் போவான்.

"ஜோடி பாக்க மாட்டான் தம்பி. இடது ஒரு சாக்குல, வலது ஒரு சாக்குலன்னு போயிடும். நானும் அவரும் ஒவ்வொண்ணா பாத்து வாங்கி அடுக்கினது. அப்புறம் மக வீட்டுக்குக் கையை வீசிக்கிட்டும் போக முடியாது. ஏதாவது பேசிக் குடு. ஆனா பொய் வேணாம். உண்மையைச் சொல்லு."

"உண்மைக்கும் அதே வார்த்தைதான்க்கா."

"அப்ப வேற வார்த்தை போடு."

"வேற ஏது? மூடறதுக்கு மூடறோம்னுதான் சொல்லணும். அதைத்தான் நாம இத்தனை வருஷமா செலவழிச்சிட்டோமே."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கடனைக் கேட்க வந்தவர்கூட அப்படிப் பார்ப்பதில்லை.

அவர் போன பிறகு கடைசிநாள் பதிவுக்கு ஆயத்தமானார். கஷ்டம் அப்போதுதான் தெரிந்தது. உண்மைக்கு எப்படி நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை. உட்கார்ந்து பார்த்தார், அழுகை வந்துவிட்டது. எழுந்து பார்த்தார், மிரட்டல். சுவரில் சாய்ந்தால் தாய்மார்களே. அறைக்குள் அங்குமிங்கும் நடந்துகொண்டே, "உண்மையாகவே மூடுகிறோம்" என்று ஒரு மாதிரி சொல்லி முடித்தார். கேட்டுப் பார்த்ததில் அவருக்கே நம்பிக்கை வரவில்லை.

மறுநாள் அது ஒலித்தது. இரண்டு கல்லூரிப் பெண்கள் நின்று கேட்டார்கள்.

"ஏய், 'உண்மையாகவே'ன்னு புதுசா சேத்திருக்காங்கடி."

"நல்லாருக்குல்ல?"

சிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு தகப்பனார் மட்டும் கடைக்குள் எட்டிப் பார்த்து, "அப்ப இத்தனை வருஷம் பொய்யாம்மா சொல்லிட்டிருந்தீங்க?" என்று அன்பாக விசாரித்துவிட்டு, எதுவும் வாங்காமல் போனார்.

வராத கூட்டத்துக்குப் பதில் பக்கத்துப் போர்வைக் கடைக்காரர் வந்தார். அக்காவிடம் அல்ல, நேரே மாடிக்கு. அந்தப் படி அவரைத் தாங்கியது ஒரு அதிசயம்.

"என்னப்பா பண்ணி வச்சிருக்க? அங்க 'உண்மையாகவே கடைசி'ன்னு போட்டா, என்னோட கடைசி என்ன ஆகறது?"

"உங்களதும் கடைசிதாண்ணே."

"பக்கத்துலயே உண்மையான ஒண்ணு இருந்தா என்னுது டூப்ளிகேட்னு தெரிஞ்சுடாதா? எனக்கும் 'உண்மையாகவே' போடு."

போட்டார். தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறது. அதைக் கேட்டுப் பாத்திரக் கடைக்காரர் 'சத்தியமாக' வாங்கிக்கொண்டார். மிக்சிக் கடைக்கு 'இது விளம்பரமல்ல, அறிவிப்பு'. கண்ணாடிக் கடைக்காரர் எல்லாருக்கும் ஒரு படி மேலே போய், 'மற்றவர்களைப் போல் நாங்கள் உண்மை என்று சொல்ல மாட்டோம்' என்று கேட்டு வாங்கினார். ஒரு வாரம் முடிவதற்குள் கடைவீதி முழுக்க உண்மை கொட்டிக் கிடந்தது. செருப்புக் கடை அக்கா காலையில் அடுக்கியதை மாலையில் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

கடைசிநாள் சோர்ந்து போகிற ஆள் இல்லை. அக்காவையே மேலே கூட்டி வந்தார்.

"என் குரலை ஊருக்கே தெரியும்க்கா. உங்க குரல்ல சொன்னா நம்புவாங்க. மைக்கைப் பாக்காதீங்க, என்கிட்ட சொல்ற மாதிரி சொல்லுங்க."

அக்கா மைக்கை, அது எந்த நேரமும் கடித்துவிடலாம் என்பதுபோல, எட்டி நின்று பார்த்தார். "கடை மூடறோம். வர்றவங்க வரலாம்" என்றார். அவ்வளவுதான்.

"இன்னும் கொஞ்சம்க்கா. அண்ணனைப் பத்தி ஒரு வார்த்தை. 'என் கணவர் கைப்பட அடுக்கி வைத்த'ன்னு ஒரே ஒரு வரி. அங்க லேசா நிறுத்துங்க. அழ வேணாம், நிறுத்தினா போதும்."

நான் மூலையில் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தேன். அக்கா கோபப்படவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"தம்பி, செருப்பைத்தான் விக்கிறேன். அவரை இல்ல."

கடைசிநாள் பதிவை நிறுத்தினார். நிறுத்தியது மட்டுமல்ல, அதுவரை பதிவானதையும் அழித்தார். பிறகு எதற்கென்று தெரியாமல் ஃபிளாஸ்கின் மூடியைத் திருகித் திறந்து, திரும்ப மூடினார். தேர்தலுக்கு ஒன்றும் வியாபாரத்துக்கு ஒன்றுமாக ஊரின் அத்தனை நெஞ்சையும் பிழிந்து வைத்திருக்கிற அந்த அறையில், இனி எதைப் பிழிவது என்று அவருக்குத் தெரியாமல் போனதை அன்றுதான் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். மனைவி அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். காலைத் தேய்த்துக்கொண்டே, தன் பாட்டுக்கு, "இன்னைக்கு நிக்க முடியலை. இருமல் மருந்து மொத்தமா தீந்து போச்சு" என்றார்.

"ஊர்ல அவ்வளவு இருமலா?"

"இருமலெல்லாம் இல்ல. 'மருந்துத் தட்டுப்பாடு எதுவும் இல்லை, பொதுமக்கள் பதற்றப்பட வேண்டாம்'னு மேலிடத்துல போர்டு வைக்கச் சொன்னாங்க. காலையில வச்சோம். மத்தியானத்துக்குள்ள வந்து அள்ளிட்டுப் போயிட்டாங்க."

கடைசிநாள் டீத் தம்ளரைக் கீழே வைத்தார். மனைவியைப் பார்த்தார். கல்யாணத்தன்றுகூட இப்படிப் பார்த்திருப்பாரா தெரியவில்லை.

"என்ன?" என்றார் அந்த அம்மா.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா டீயைக் குடிங்க, ஆறுது."

மறுநாள் காலை மைக் முன்னால் அவர் உட்காரவில்லை, நிற்கவில்லை, சாயவில்லை. ஒரு சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை பூட்டிக்கொண்டு, முக்காலியின் நுனியில் பட்டும் படாமல் இருந்து, ஈரமே இல்லாத குரலில் வாசித்தார்:

"பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. செருப்புக் கடை இம்மாத இறுதியில் மூடப்படுவதாகப் பரவிவரும் செய்தியில் எந்த உண்மையும் இல்லை. கடை வழக்கம்போல் இயங்கும். போதிய அளவு கையிருப்பு உள்ளது. வதந்தியை நம்பி யாரும் அவசரப்பட்டு வாங்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறது."

அதைப் பெட்டியில் போட்டபோது முதலில் ஓடி வந்தவர் போர்வைக் கடைக்காரர்.

"என்னக்கா, மூடறீங்களா? ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே!"

"ஒரு வாரமா சொல்லிட்டுத்தானே இருக்கேன்."

"அது விளம்பரம், விடுங்க. இதை நான் கேட்டேனே." தனக்கும் மனைவிக்கும் மச்சினனுக்கும் அளவு பார்க்காமல் எடுத்துக்கொண்டார்.

பிறகு ஊர் வந்தது. நம்ப வேண்டாம் என்று சொல்லப்பட்டதால் உடனே நம்பியவர்கள், அவசரப்பட வேண்டாம் என்றதால் ஓடி வந்தவர்கள். அந்த இரண்டு கல்லூரிப் பெண்களும் வந்தார்கள், "பாத்தியா, நான் அப்பவே சொல்லலை?" என்று ஒருத்தி மற்றவளைக் கேட்டாள். இத்தனை வருஷம் பொய்யா என்று விசாரித்த தகப்பனார், பிள்ளை இன்னும் வளர்வான் என்று இரண்டு அளவு பெரிதாகவும் சேர்த்து வாங்கினார். பரணிலிருந்து பெட்டிகள் இறங்கிக்கொண்டே இருந்தன.

அக்கா மட்டும் கல்லாவில் உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும், "மூடறது உண்மைதாம்மா. வெளிய சொல்றதை நம்பாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வாங்கியவர்கள் கண்ணைச் சிமிட்டினார்கள். "எங்களுக்குத் தெரியும்க்கா. யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்."

மத்தியானம் கூட்டம் கொஞ்சம் குறைந்தபோது கடைசிநாள் கடைப்பக்கம் வந்தார். பாராட்டை எதிர்பார்த்துத்தான் வந்தார், சட்டைக் காலரைப் பார்த்தாலே தெரிந்தது. அக்கா ஒரு ஷூவின் நாடாவைக் கோத்துக்கொண்டே நிமிராமல் கேட்டார்.

"நான் உண்மையைச் சொல்லச் சொன்னேன்ல?"

"சொன்னேனேக்கா."

"மூடலைன்னு சொல்லியிருக்க."

"மூடறோம்னு சொன்னா மூடலைன்னு எடுத்துக்கறாங்க. மூடலைன்னு சொன்னா மூடறீங்கன்னு எடுத்துக்கறாங்க. அவங்க காதுல போய்ச் சேந்தது உண்மைதானே? வழி கொஞ்சம் சுத்து வழி, அவ்வளவுதான்."

அக்கா நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டார். "நீ திருந்த மாட்ட" என்றார். சொல்லும்போது சிரிப்பை அடக்கியதில் தோள் குலுங்கியது. பிறகு உள்ளே போய் ஒரு ஜோடி எடுத்து வந்து அவர் காலடியில் போட்டார். "போட்டுப் பாரு. பிய்ஞ்சதை மாட்டிக்கிட்டுத் திரியற."

"எவ்வளவுக்கா?"

"பேசாம போட்டுப் பாரு."

அவர் போட்டுக்கொண்டு நாலு எட்டு நடந்து பார்த்தார். கொஞ்சம் கடித்தது. "அருமையா இருக்கு" என்றார். தொழில் பழக்கம்.

இதில் ஊருக்கு என்ன பாடம் என்று வாசகர்கள் கேட்கலாம். ஊர் எந்தப் பாடமும் படித்ததாகத் தெரியவில்லை. அடுத்த வாரமே பாத்திரக் கடைக்காரர் மாடிக்குப் போய், "எங்கள் கடை மூடப்படவில்லை" என்று ஒன்று பேசித்தரச் சொல்லியிருக்கிறார். கடைசிநாள் முதல் தடவையாக ஒரு வேலையை வேண்டாம் என்று சொன்னார். "அதை இப்பவே எல்லாருக்கும் கொடுத்துட்டா, அப்புறம் எதுக்காவது வேணும்னா கைல ஒண்ணும் இருக்காது சார்" என்றார் என்னிடம். எதற்கு வேண்டியிருக்கும் என்று கேட்டேன். தெரியாது என்றார். நல்ல சட்டையை விசேஷத்துக்கு என்று எடுத்து வைப்பதுபோல அதை அவர் எடுத்து வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

மாதக் கடைசி வந்தது. மகளும் மருமகனும் வண்டியோடு வந்திருந்தார்கள். எடை போடுகிறவன் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பிப் போயிருந்தான். அவனுக்கு ஒரு ஒற்றைச் செருப்புகூட மிஞ்சவில்லை. அக்கா கடைக்குள் ஒரு சுற்று சுற்றி வந்தார். அடுக்குகளைக் கையால் தடவிப் பார்த்து, விரலில் ஒட்டிய தூசியை ஊதினார். பேரக்குழந்தை மகள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் காலைத் தொட்டு, "இவளுக்கு ஒண்ணு எடுத்து வச்சிருக்கணும், மறந்தே போச்சு" என்றார். "அவ்வளவு சின்னது நம்மகிட்ட ஏதும்மா?" என்றாள் மகள். அக்கா ஷட்டரை இறக்கிச் சாவியைக் கடைசிநாளிடம் கொடுத்தார். கட்டடத்துக்காரர் மறுநாள் வந்து வாங்கிக்கொள்வார்.

"பெட்டியை அணைச்சுடு தம்பி. நான் போனப்புறம் அணைச்சா போதும்."

வண்டி திரும்பும் வரை அவர் குரலே, வதந்தியை நம்ப வேண்டாம் என்று அக்காவை வழியனுப்பிக்கொண்டிருந்தது. பிறகு அணைத்தார். போர்வைக் கடைக்காரர் தலையை வெளியே நீட்டி, என்னவோ குறைகிறதே என்று பார்த்தார். மற்ற பெட்டிகள் எல்லாம் கத்திக்கொண்டுதான் இருந்தன. ஆனாலும் அந்த இடத்தில் ஒரு பல் விழுந்த மாதிரி இருந்தது.

கடைசிநாள் பெட்டியை ஆணியிலிருந்து கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அப்போது ஒரு பெண் ஒரு கையில் குழந்தையும் மறு கையில் அதன் கிழிந்த ஷூவுமாக வேகமாக வந்து நின்றாள்.

"மூடிட்டாங்களா? நாளைக்கு எப்ப திறப்பாங்க?"

"மூடியாச்சும்மா."

"அதான் தெரியுதே. நாளைக்கு எப்பன்னு கேட்டேன்."

"கடையையே மூடியாச்சு. இனிமே இல்ல."

அவள் சிரித்தாள். அவரை அடையாளம் தெரிந்துவிட்ட சிரிப்பு. "உங்க குரலாச்சே. நான் ஸ்கூல் படிக்கிறப்பலேர்ந்து இதைத்தான் சொல்றீங்க. சும்மா சொல்லுங்கண்ணே, எப்ப வரட்டும்?"

அவர் வாயைத் திறந்தார். உட்கார முக்காலி இல்லை. சாயச் சுவர் இருந்தது, சாயவில்லை. பெட்டியைத் தரையில் வைத்தார். குனிந்து பூட்டைத் திறந்து, ஷட்டரை முழுவதும் மேலே தள்ளினார். உள்ளே போய் விளக்கைப் போட்டுவிட்டு, காலி அடுக்குகளை அவளே பார்க்கட்டும் என்று ஓரமாக ஒதுங்கி நின்றார்.